மீரியபெத்தை மண்சரிவு: எச்சரிக்கைக்கும் காணிக்கும் இடையில்

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில், இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு மேலே இருந்த மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கியது. தொழிலாளர் வாழும் ஒட்டுவரிசை வீடுகளான லயன்கள் வரிசையாக மண்ணுக்குள் போயின. கோயிலும் பால் சேகரிக்கும் நிலையமும் கூடவே போயின. பிள்ளைகள் பலர் அதற்குச் சற்று முன்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். அதனால் பிழைத்த அவர்கள் திரும்பி வந்தபோது வீடு எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

முதல் இரண்டு மூன்று நாட்களில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. கடைசியில் 37 பேர் என்று கணக்கு முடிந்தது. எண்ணிக்கை இவ்வளவு ஆடியதற்குப் பதற்றத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் ஆளைக் கணக்கெடுக்கும் புத்தகம் செக்ரோல். அதில் வேலைக்குப் பெயர் பதிந்தவர்கள் இருப்பார்கள். ஓய்வு பெற்ற கிழவி, கொழும்பில் கடையில் நின்றுவிட்டு தீபாவளிக்கு ஊர் வந்து தங்கியிருக்கும் மகன், பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த மகள் ஆகியோருக்கு அதில் இடமில்லை. கிராம சேவகரின் பட்டியல் வேறு, வாக்காளர் இடாப்பு வேறு. எந்தக் காம்பராவில், அதாவது லயன் அறையில், அன்றிரவு எத்தனை பேர் தூங்கினார்கள் என்று சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலகம் இருக்கவில்லை.

இந்த ஆய்வின் மையம் அந்த இல்லாத அலுவலகம்தான். மீரியபெத்தை மலை சரியும் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. 2005இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பார்த்து, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதியது. 2011இல் மறுபடி எழுதியது. அதற்குப் பிறகும் மூன்று மழைக்காலம் கடந்தது. ஆக, அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு அடுத்த படி எங்கே சிக்கியது?

மலையும் தண்ணீரும்

ஹப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் தெற்குச் சரிவு மத்திய மலைநாட்டின் விளிம்பு. மேலே செங்குத்தான பாறைச் சுவர். பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தச் சுவரிலிருந்து உதிர்ந்த கல்லும் மண்ணும் அடியில் குவிந்து கிடக்கின்றன. பார்வைக்கு இது சாதுவான இடம்: மேலேயுள்ள பாறையைவிடச் சாய்வு குறைவு, மண் ஆழமானது, ஊற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே கிடைக்கும். தேயிலை போட்டவர்களும் லயன் கட்டியவர்களும் இப்படிப்பட்ட இடங்களை விரும்பித் தேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த மண் அங்கே விளைந்ததல்ல, வந்து குவிந்தது. அடியில் இருக்கும் பாறையோடு அதற்குப் பிடிப்பு குறைவு. பாறைச் சுவரில் விழும் மழை முழுவதும் கீழே இந்தக் குவியலுக்குள்தான் நுழைகிறது. நீர் ஏற ஏற மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் கூடும்; மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறையும். ஒரு கட்டத்தில் மொத்தமாக வழுக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பதுளைப் பக்கம் மாலை நேர இடிமழை தொடர்ந்து பெய்யும். பின்னாலேயே வடகீழ்ப் பருவமழை வந்து சேரும். சரிவுக்கு ஒரே நாளின் பெருமழை தேவையில்லை. வாரக்கணக்கில் ஊறிய மலைக்கு ஓர் இரவு மழை போதும்.

இதில் மனிதக் கை எங்கே வருகிறது என்றால், கான்கள் எனப்படும் வடிகால்களில். தேயிலை மலையில் சமவுயரக் கோட்டில் கான் வெட்டி, மழைநீரைப் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்பிவிடுவது பழைய தோட்ட முறை. கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்த காலம் உண்டு. செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் கான் தூர்ந்தால் அந்த வருடக் கொழுந்து குறையாது. தேயிலையைக் கைவிட்டுக் காடாகப் போன மலைகளில் கானைப் பார்ப்பாரே இல்லை. தூர்ந்த கானில் தேங்கும் நீர் நேராக மண்ணுக்குள் இறங்கும். இந்த ஒரு காரணத்தால் மட்டும் மலை சரியாது. ஆனால் சரிவதற்குத் தயாராக இருக்கும் மலையை இது இன்னும் நெருக்கித் தள்ளும்.

சரிவு வருமுன் அடையாளம் காட்டும். தரையில் பிறை வடிவில் விரிசல் விழும். நிமிர்ந்து நின்ற சவுக்கு மரம் சாயும். ஊற்று நீர் கொட்டும் பீலியில் தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வரும், அல்லது திடீரென நின்றுபோகும். காம்பராக் கதவு சட்டத்தில் சிக்கி மூட மறுக்கும். மலையில் வாழ்பவர்களுக்கு இவற்றில் எதுவும் புதிது அல்ல. விரிசலுக்கு இரு பக்கமும் ஆளுக்கொரு முளையடித்து, தினம் காலையில் நாடா பிடித்து அளந்து ஒரு கொப்பியில் எழுதினால் அதுவே ஒரு கண்காணிப்புக் கருவி. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சரி, அளந்த எண்ணை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

பிரதேச சபை வாசலில் நின்ற சட்டம்

இலங்கையின் ஒரு சாதாரண கிராமத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். கிராம சேவகரிடம் சொல்லலாம், பிரதேச சபை உறுப்பினரிடம் சொல்லலாம். சபை வடிகால் வெட்டும், வீதி போடும், கட்டட அனுமதி கொடுக்கும் அல்லது மறுக்கும். அந்தக் குறைந்தபட்ச ஏற்பாடு தோட்டங்களுக்கு இல்லாமல் இருந்தது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு இதற்குக் காரணம் என்று மலையக அரசியலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்தது. தோட்டத்துக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட அது தடையாக இருந்தது. தோட்டத்து வீதியும் லயனும் வடிகாலும் தோட்டத்தின் பாடு. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உறுப்பினரால் தன் சொந்த லயனுக்கு முன்னால் ஒரு கான் வெட்ட சபை நிதியில் பிரேரணை கொண்டுவர முடியாது. வாக்குக் கேட்டு வந்தபோது மட்டும் லயன் சபையின் எல்லைக்குள் இருந்தது.

நிலத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, உழைப்பு மக்களுடையது, வீடு யாருடையது? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறைக்கு அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவரிடம் எந்தப் பத்திரமும் கிடையாது. வேலை இருந்தால் வீடு. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் மீரியபெத்தையைப் புரிந்துகொள்ள முடியாது.

இப்போது அந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவுரை சொல்லும் அதிகாரம் உண்டு. ஆளை அகற்றும் அதிகாரம் இல்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்படி உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஒருங்கிணைக்கும். அதனிடம் பங்கிட்டுக் கொடுக்க நிலம் இல்லை. மத்திய அரசின் உள்ளூர் அலுவலகமான பிரதேச செயலகம் மக்களுக்குச் சொல்லும். ஆனால் குத்தகையில் இருக்கும் தோட்ட நிலத்தைத் தானாக எடுத்துக் கொடுக்க அதனால் இயலாது. தோட்ட நிர்வாகத்திடம் நிலம் இருந்தது. மாற்று வீடு கட்டும் கடமை தன்னுடையது என்று அது எண்ணியதற்கு அடையாளம் இல்லை. பிரதேச சபையைச் சட்டமே வெளியில் நிறுத்தியிருந்தது. அறிவு ஓரிடம், நிலம் ஓரிடம், பணம் ஓரிடம், வாக்கு ஓரிடம். ஆளுக்கொரு துண்டு கையில் வைத்திருந்தார்கள்.

ஏன் அவர்கள் போகவில்லை?

சரிவுக்குப் பிறகு அதிகாரப் பக்கத்திலிருந்து வந்த முதல் விளக்கம், ‘நாங்கள் போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை’ என்பது. மக்கள் பக்கத்தில் இரண்டு விதமான பதில் இருந்தது: எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பது ஒன்று, போ என்றார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருந்திருக்கலாம். முதல் பதிலைப் பற்றித் தொலைக்காட்சியில் நிறையவே வாதாடினார்கள். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2014இல் ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2013 கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். வருகைக் கொடுப்பனவு 140 ரூபாய். விலைப் பங்கு 30 ரூபாய். மொத்தம் 620. இதில் அந்த 140 எல்லாருக்கும் கிடைக்காது. மாதத்தில் வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் நான்கில் மூன்று பங்கு வந்திருந்தால்தான் உண்டு. ஒரு பெண் மழைக்காக ஓரிரவு பள்ளிக்கூட மண்டபத்தில் போய்ப் படுத்து, மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரத்தில் வர முடியாமல் போனால் அன்றையச் சம்பளம் போகும். அந்த மாதம் இப்படி நாலைந்து நாள் நடந்து வருகை குறைந்துபோனால், வேலை செய்த நாட்களின் 140 ரூபாயும் சேர்ந்து போகும். எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவதன் விலையை அவளே தன் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இப்போது எச்சரிக்கையின் இயல்பைப் பார்க்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் 24 மணி நேர மழை. 75 மில்லிமீட்டர் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இரு. 100 தாண்டினால் செம்மஞ்சள்: கிளம்பத் தயாராக இரு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தால், சிவப்பு: வெளியேறு. எளிமையான, நல்ல அளவுகோல். ஆனால் மலைநாட்டில் ஒரு பருவத்துக்குள் மஞ்சளும் செம்மஞ்சளும் பலமுறை வந்துபோகும், பெரும்பாலான முறை எதுவும் நடக்காது. அதில் தவறில்லை, எச்சரிக்கை என்றால் அப்படித்தான். ஆனால் நடக்காத ஒவ்வொரு முறையும் மக்களுக்குச் செலவு, அடுத்த முறை நம்பிக்கை கொஞ்சம் குறையும். ஏற்கெனவே ஊறிப்போன குவிமண் மலை 150ஐ எட்டக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே வெளியேறும் நாளுக்குச் சம்பளம் உண்டு, வருகை வெட்டுப்படாது என்று தோட்ட நிர்வாகத்தோடு முன்கூட்டியே எழுத்தில் ஓர் ஏற்பாடு இருந்தால், அது ஒலிபெருக்கியைவிட வலுவான எச்சரிக்கைக் கருவி. அனர்த்தத் திட்டங்கள் என்ற பெயரில் வரும் ஆவணங்களில் இந்த விஷயம் பேச்சுக்குக்கூட வருவதில்லை. மழைமானி இருக்கும், ஒத்திகை இருக்கும், கையேடு இருக்கும். சம்பளம் இருக்காது.

அதோடு இன்னொன்று. வேலை இருந்தால் வீடு என்ற ஏற்பாட்டில், லயனை விட்டு வெளியேறுவது காம்பரா மீதான பிடியையும் தளர்த்திவிடும் என்ற பயம் நியாயமானது. பூர்வீக ஊர் என்று திரும்பிப் போக அவர்களுக்கு வேறு இடமும் இல்லை. 1948இல் குடியுரிமை பறிபோய், 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்குக் கப்பலேறி, மிஞ்சியவர்களுக்கு 2003 வரை சட்டம் திருத்தித் திருத்திக் குடியுரிமை வந்து சேர்ந்த சமூகம் இது. ‘தற்காலிகமாக’ என்று அரசாங்கம் சொன்னால் அதை அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

முகாமும் மாக்கல்தெனியவும்

உயிர் தப்பியவர்கள் முதலில் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். பாடசாலை தொடங்க வேண்டும் என்பதால் பிறகு மாக்கல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டார்கள். கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டிய நீண்ட கூடங்களில் தடுப்பு வைத்துக் குடும்பங்கள் வாழ்ந்தன. மாதக்கணக்கு என்று தொடங்கியது இரண்டு வருடத்துக்கு நீண்டது. 2016 அக்டோபரில்தான் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

அந்த வீடுகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. லயனிலிருந்து தனி வீட்டுக்குப் போவது மலையகத்தில் மூன்று தலைமுறைக் கனவு. ஆனால் திட்டமிடல் கண்ணோடு பார்த்தால் ஒரு கசப்பான கணக்கு வருகிறது. 2005இல் நிலம் இல்லை, 2011இல் நிலம் இல்லை. 2014 அக்டோபருக்குப் பிறகு நிலம் கிடைத்தது, அதுவும் பக்கத்திலேயே. இடையில் மலையின் அமைப்பு மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. அரசியல் விருப்பம் மாறியது.

இடமாற்றத்தில் இன்னொரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு, அதைப் பற்றிப் பேசுவது குறைவு. மலையக வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது நடைமுறையாகியிருக்கிறது. ஏறத்தாழ 1,900 சதுர அடி. சமதரையில் இது வீட்டுக்குப் போதும். சாய்வான மலையில் ஒவ்வொரு 7 பேர்ச்சிலும் சமதளம் வெட்ட வேண்டும். மேல் பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ் பக்கம் கொட்டி மேடாக்குவார்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான வெட்டுமுகம், முன்னால் இறுகாத கொட்டுமண். இப்படி 50 வீடு, படிப்படியாக. மேல் வீட்டின் கழிவுநீரும் கூரைத் தண்ணீரும் கீழ் வீட்டின் பின்சுவரில் இறங்கும். ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பி வந்து ஐம்பது சின்ன ஆபத்துகளைச் சொந்தமாக்கிக்கொள்வது இப்படித்தான். தாங்குசுவரும் கூரைநீருக்கான குழாயும் பொதுக் கானும் வரைபடத்தில் இருந்தால் மட்டும் போதாது, அடுத்த பத்து வருடம் அவற்றைத் துப்புரவாக்க ஒருவர் வேண்டும். அது உள்ளூராட்சியின் வேலை.

சட்டம் திறந்த பிறகு

2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டது. 33ஆம் பிரிவின் தடை நீங்கி, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யலாம் என்றானது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் உருவானது. நுவரெலியா மாவட்டத்தில் இரண்டாக இருந்த பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. 31 வருடம் தாமதம் என்றாலும் இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

அனுமதித்தல் வேறு, கடமையாக்குதல் வேறு. திருத்தம் செலவிடலாம் என்று சொன்னது. பணம் எங்கிருந்து என்று சொல்லவில்லை. சபையின் சொந்த வருமானம் வரியிலும் கட்டணத்திலும் வருகிறது. லயனிலிருந்து ஆதன வரி வராது. வருமானம் குறைந்த சபைக்கு வாக்காளர் அதிகம், மலை செங்குத்து, வீதி நீளம்.

கட்டட அனுமதியிலும் இதே இடைவெளி. 2011இல் வந்த சுற்றறிக்கை பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய 10 மாவட்டங்களில் கட்டடம் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும் என்றது. புதிதாகக் கட்டுபவருக்கு இது சரியான வடிகட்டி. நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்கார துரை கட்டிய லயனுக்கு யார் விண்ணப்பிப்பார்கள்? விண்ணப்பம் இல்லாத வீடு சபையின் மேசைக்கு வராது. ஆபத்தான வீடுகளில் பெரும்பகுதி விண்ணப்பிக்காத வீடுகள்தான்.

வரைபடம் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மை, இலங்கையின் மண்சரிவு ஆபத்து வரைபட வேலை 1990இலேயே தொடங்கிவிட்டது, பதுளையும் நுவரெலியாவும்தான் முதலில். 1:10,000 அளவில் நல்ல வரைபடங்கள் உள்ளன. ஆனால் அவை சரிவின் ஆபத்தை மட்டும் நிறத்தில் சொல்கின்றன. ஆளில்லாத காட்டுச் சரிவும் அறுபது குடும்பம் வாழும் சரிவும் ஒரே நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தின் மேல் வீட்டையும் ஆளையும் வழியையும் பீலியையும் குறிப்பது ஊரை அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. கொழும்பிலிருந்து அதைச் செய்ய முடியாது.

ஹொங்கொங்கின் அனுபவம் இங்கே உதவும், செல்வத்தில் ஒப்பிட அல்ல, ஒரு நிர்வாக உத்திக்காக. 1972 ஜூன் 18இல் ஒரே நாளில் சாவ் மாவ் பிங்கிலும் போ ஷான் வீதியிலும் நடந்த இரு மண்சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976இல் சாவ் மாவ் பிங்கில் மறுபடி ஒரு சரிவு, 18 பேர் பலி. 1977இல் சரிவுகளைக் கட்டுப்படுத்த தனி அலுவலகம் அமைத்தார்கள். வெட்டியும் கொட்டியும் மனிதர் உண்டாக்கிய மலைச்சாய்வுகளையெல்லாம் பட்டியலிட்டார்கள். இன்று ஏறத்தாழ 60,000. பட்டியலில் உள்ள சாய்வுக்கு ஒரு பதிவு எண் உண்டு, அதைப் பராமரிக்கும் பொறுப்பு எந்தத் திணைக்களத்துக்கு அல்லது எந்த உரிமையாளருக்கு என்றும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பட்டியலின் உயிர் அந்த இரண்டாவது தகவலில் இருக்கிறது. பதுளையில் ஒரு சாய்வைக் காட்டி ‘இது யார் பொறுப்பு?’ என்று கேட்டால் நாலு அலுவலகங்கள் மற்ற மூன்றைக் கைகாட்டும்.

மறுபடி, மறுபடி

2016 மே 17இல் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அதற்குப் பின் வந்த இடமாற்றத் திட்டத்தில் வீட்டுக்கு 12 இலட்சம், காணி வாங்க 4 இலட்சம் என்று குடும்பத்தின் கையில் கொடுத்து, தாங்களே இடம் பார்த்துக் கட்டிக்கொள்ளும் வழி வந்தது. கிராமத்தில் இது வேலை செய்தது. தோட்டத்தில் 4 இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு காணி தேடினால் சுற்றியிருப்பது எல்லாம் குத்தகைத் தேயிலை. விற்பவரே இல்லாத இடத்தில் பணம் என்ன செய்யும்?

2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் சிதைந்தன. மீரியபெத்தைக்குப் பக்கத்து மலை. குடும்பங்கள் மறுபடியும் பொதுக் கட்டடங்களுக்குப் போயின. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின; கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலைநாடெங்கும் சரிவுகள். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. அளவில் இது வேறு வகையான அனர்த்தம், அதை மீரியபெத்தையின் சட்டகத்துக்குள் முழுவதுமாக அடைக்கக் கூடாது. அந்த அளவு மழையில் சொந்தக் காணியில் அனுமதி பெற்றுக் கட்டிய வீடுகளும் போயின. ஆனால் மழை விட்டபின் எழுந்த கேள்வி பழையதுதான்: தோட்டத்து மக்களை எந்த நிலத்தில் குடியேற்றுவது, அதை யார் தருவது.

ஒரு பிரதேச சபை என்ன செய்யலாம்

பெரிய பொறியியல் வேலை மத்திய அரசின் கையில் இருக்கிறது. மலைக்குள் குழாய் செலுத்தி நீரை வடிப்பது, கம்பி செருகிச் சரிவைக் கட்டுவது எல்லாம் சபையின் பணப்பைக்கு அப்பாற்பட்டவை. ஆனாலும் 2018க்குப் பிறகு சபைக்குச் சட்டத் தடை இல்லாத சில வேலைகள் உண்டு. என் கணிப்பில் முதலாவது காணி வங்கி. தன் எல்லைக்குள் ஆபத்து வரைபடத்தில் பாதுகாப்பானது என்று வரும் தோட்டக் காணிகளைச் சபை இப்போதே அடையாளம் கண்டு, பிரதேச செயலகத்தின் ஊடாக, கம்பனியிடமிருந்து விடுவிக்கக் கேட்டுத் தீர்மானம் போட்டு வைக்கலாம். சரிவு நடந்த பிறகு நிலம் தேடத் தொடங்கினால் இரண்டு வருடம் போவதை மாக்கல்தெனியவில் பார்த்தோம். தீர்மானம் போட்டவுடன் கம்பனி விடுவித்துவிடாது. ஆனால் அடுத்த எச்சரிக்கைக் கடிதம் வரும்போது ‘நிலம் இல்லை’ என்று சொல்ல முடியாது. எந்த நிலம், எத்தனை ஏக்கர், யார் தர மறுக்கிறார் என்பது கூட்டறிக்கையில் பதிவாகியிருக்கும்.

இரண்டாவது, சம்பள விஷயம். சிவப்பு எச்சரிக்கை நாளில் வெளியேறியவருக்கு வருகை வெட்டக் கூடாது என்று கம்பனியை நிர்ப்பந்திக்க சபையால் முடியாது. பிரதேச அனர்த்தக் குழுவில் சபைத் தவிசாளரும் தோட்ட முகாமையாளரும் தொழிற்சங்கத் தலைவரும் ஒரே மேசையில் உட்காரும்போது அதை எழுத்தில் கேட்க முடியும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் கொழுந்தின் கிலோ கணக்குக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கும் கொடுக்கலாம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மற்றது கான். லயனுக்கு மேலே இருக்கும் கான் தோட்டத்துடையது, லயனைச் சுற்றியுள்ளது சபையுடையது, வீதியோரத்தில் இருப்பது வீதி அதிகார சபையுடையது என்று பிரித்துக்கொண்டால் தண்ணீர் அந்த எல்லைகளை மதிக்காது. மேலிருந்து ஓடை வரை ஒரே கோடாகப் பார்த்து, எந்த நீளம் யாருக்கு என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். பதுளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு. கான் வெட்ட ஆளும் கிடைக்கும். சபையின் பாதீடோ வருடக் கடைசியில், மழை கொட்டும் மாதங்களில்தான் விவாதத்துக்கு வருகிறது. எனவே டிசெம்பரில் நிறைவேறும் பாதீட்டில் அடுத்த வருட ஜூன் மாத வேலைக்கென்று தோட்டக் கான்களுக்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். ‘ஏனைய பராமரிப்பு’ என்ற பொதுத் தலைப்புக்குள் போட்டால் அது ஓகஸ்டுக்குள் நகரத்து நடைபாதைக்குப் போய்விடும்.